அணைக்க வேண்டாம் - வீட்டில் ஒரு சர்வர் வைத்த கதை

சர்வர் என்றவுடன் நம்மாட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான். ஒன்றும் தப்பில்லை. கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. யாராவது வந்து "இந்தப் பக்கத்தைக் கொண்டா" என்றால் உள்ளே போய் எடுத்து வந்து வைக்கும். சரக்கு இல்லையென்றால் 404 என்று கையை விரிக்கும். அவ்வளவுதான். இதற்கு ஏசி அறையும் ஆளுயர இரும்பு அலமாரிகளும் கட்டாயம் இல்லை. உலகத்தின் முதல் வெப் சர்வரே ஒருவருடைய மேஜைக் கம்ப்யூட்டர்தான். செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 கடைசியில் தன்னிடம் இருந்த நெக்ஸ்ட் கணினியில் அதை ஓடவிட்டார். யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் உலகத்தில் இருந்த ஒரே வெப்சைட்டும் போய்விடும் அல்லவா? அதனால் பெட்டியின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, இது சர்வர், அணைக்கக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்கள்.

2023 நவம்பரில் கரூரில் ஒரு பி.காம். மூன்றாமாண்டுப் பையன் அதே மாதிரி ஒரு சீட்டை எழுதி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒட்டினான். "சர்வர் ஓடுது. அணைக்க வேண்டாம்." பின்னால் வந்த வம்பில் பாதி அந்தச் சீட்டால் வந்தது. மீதிப் பாதிக்கு அவனே பொறுப்பு.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. சீனியர் அக்கா ஒருவர் எழுதி வைத்த நோட்டு அவன் கைக்கு வந்தது. 140 பக்கம். பிராசஸ் காஸ்டிங் கணக்குகள் எல்லாம் படிப்படியாகப் போட்டது. அதை அவன் ஸ்கேன் செய்தான். வகுப்பில் 50 பேருக்கும் கொடுக்க வேண்டும். டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தால் பத்து நிமிட வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அவனுக்கும் தெரியும். ஆனால் "எங்க வீட்டு சர்வர்ல போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க" என்று குரூப்பில் சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறதே, அது டிரைவில் வராது. அந்தக் கெத்துக்காக இரண்டு ராத்திரி போனது.

கம்ப்யூட்டர் அவனுடையது இல்லை, அப்பாவுடையது. அப்பா பகலில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்கர். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து 11 சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பார். அந்தக் கடைகளின் கொள்முதல், விற்பனை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அந்தப் பெட்டியில்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி அவன் சாம்ப் மென்பொருளை இறக்கி நிறுவினான். அப்பாச்சி சர்வர், டேட்டாபேஸ், அதை நிர்வகிக்க பிஎச்பிமைஅட்மின் எல்லாம் ஒரே பொட்டலமாக வரும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பச்சை வர வேண்டும். சிவப்பு வந்தது. 80-ஆம் எண் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்களாம்.

போர்ட் என்பதை ஆபீஸ் கவுண்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கவுண்டரில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். வெப் பக்கத்துக்கு வழக்கமான கவுண்டர் 80. யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க விண்டோஸில் நெட்ஸ்டாட் என்று ஒரு கட்டளை உண்டு. பார்த்தால் பிராசஸ் எண் 4. அது விண்டோஸே. விண்டோஸோடு வரும் இன்னொரு வெப் சர்வரை எப்போதோ யாரோ இயக்கிவிட்டு மறந்திருக்கிறார்கள். யார் என்று யோசித்தான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அவனேதான். (ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஸ்கைப்தான் மாட்டும். 80-ஐப் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது சாம்ப் வைத்து மண்டை காய்ந்தவர்களைக் கேட்டால் கண்ணீர் விட்டுச் சொல்வார்கள்.) அந்த சர்வீஸை நிறுத்தினான். பச்சை வந்தது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தான். பக்கம் வந்தது.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1, அதாவது கம்ப்யூட்டர் தன்னையே கேட்டுக்கொள்வது. அந்தக் கேள்வி வீட்டு ரவுட்டர் வரைக்கும்கூடப் போவதில்லை. இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக வந்தால் கணக்கில் தப்பே இல்லை என்று முதலாண்டில் நினைப்போமே, அந்த மாதிரி. பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே 'பிழைத் திருத்தம்' என்று தனிப் பாடம் இருக்கிறது. இருப்பாய்வு சரியாக வந்தும் உள்ளே ஒளிந்திருக்கும் பிழைகளை வகை வகையாகப் பிரித்திருப்பார்கள். அதில் ஒன்று ஈடுசெய் பிழை. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிடும். மொத்தம் சரியாக நிற்கும். அந்தப் பாடத்தில் அவன் நூற்றுக்கு நூறு எடுத்தவன்.

அம்மாவின் போனில், அதே வைஃபையில், கம்ப்யூட்டரின் உள் முகவரி 192.168.1.5 என்று அடித்தான். சுற்றிக்கொண்டே இருந்தது. விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. அப்பாச்சிக்கு மட்டும், அதுவும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். இரண்டு டிக். அவன் என்ன செய்தான்? ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்தான். "முதலில் வேலை செய்யட்டும், அப்புறம் ஆன் பண்ணிக்கலாம்." இந்த 'அப்புறம்' என்ற வார்த்தையை எண்ணிக்கொண்டே வாருங்கள். இது ஒன்று.

இப்போது போனில் வேறு செய்தி வந்தது. 403, அனுமதி இல்லை. நோட்டுப் படங்கள் டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. தன் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஃபோல்டர்களை அப்பாச்சி யாருக்கும் காட்டாது. 2012-இல் வந்த 2.4 பதிப்பில் இந்த அனுமதி எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய முறையை நம்பி எழுதிய குறிப்புகள் இணையத்தில் குப்பை மாதிரி கிடக்கின்றன. எதை ஒட்டினாலும் ஓடவில்லை. கடைசியில் எங்கோ படித்த யோசனைப்படி அமைப்புக் கோப்புகளைத் திறந்து, 'எல்லோருக்கும் மறுப்பு', 'இந்தக் கணினிக்கு மட்டும்' என்று இருந்த வரிகளையெல்லாம் 'எல்லோருக்கும் அனுமதி' என்று ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் மாற்றினான். ஒரு ஃபோல்டருக்கு நான்கு வரி எழுத வேண்டிய இடத்தில் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி வைத்த மாதிரி. பிஎச்பிமைஅட்மின் கதவும் அதில் ஒன்று. சாம்ப் நிறுவும்போது டேட்டாபேஸின் தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது என்பதும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. இது இரண்டாவது அப்புறம்.

அம்மாவின் போனில் நோட்டு வந்தது. ராத்திரி ஒன்றரை மணி. அம்மாவை எழுப்பிக் காட்டினான். "போய்ப் படு" என்றார்.

வெள்ளிக்கிழமை, வெளியுலகம். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒன்று போட வேண்டும். வெளியே இருந்து 80-க்கு யார் வந்தாலும் 192.168.1.5-க்கு அனுப்பு என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைப்பது. போட்டான். இணையத்தில் தன் வெளி முகவரியைப் பார்த்து, வைஃபையிலேயே அடித்துப் பார்த்தான். வரவில்லை. அது ஒரு தனிக் குழப்பம். வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் வெளி முகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்களுக்கு அதைத் திருப்பி உள்ளே அனுப்பத் தெரியாது. சரியாக வேலை செய்யும் சர்வர்கூட உள்ளிருந்து பார்த்தால் செத்த மாதிரி தெரியும். வெளியே இருந்து பார்க்க வேண்டும் என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம். மொபைல் டேட்டாவிலும் வரவில்லை என்பது வேறு கதை.

நடுவில் கரண்ட் போய் வந்தது. வந்த பிறகு கம்ப்யூட்டரின் உள் முகவரி 192.168.1.7 ஆகிவிட்டது. ரவுட்டர் இந்த முகவரிகளைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது, அடுத்த முறை வேறு கிடைக்கலாம். .5 இப்போது அம்மாவின் போன். ஆக, உலகத்தில் யாராவது காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டைக் கேட்டு வந்தால் ரவுட்டர் அவர்களை அம்மாவின் போனுக்கு அனுப்பும் :-) கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக ஒரு உள் முகவரியை ஒதுக்கினான். இது ஒன்றை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்தான் என்று சொல்ல வேண்டும்.

அப்படியும் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பொறுமை போய் ரவுட்டரில் டிஎம்இசட் என்ற பகுதியைத் திறந்தான். அதில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், வெளியே இருந்து எந்தக் கவுண்டருக்கு எது வந்தாலும் அதை அப்படியே அந்தப் பெட்டிக்கு அனுப்பிவிடும். மொத்தம் 65535 கவுண்டர்கள். 80 மட்டும் வேண்டும் என்று வந்தவன் அத்தனையையும் திறந்தான். மூன்றாவது அப்புறம். அதற்கும் பக்கம் வரவில்லை. வராததால் திறந்ததை மூட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லை என்றால் நாம் அடுத்த மருந்துக்குப் போகிறோமே தவிர, குடித்ததைத் துப்புவதில்லை.

சனிக்கிழமை காலை ரவுட்டரின் நிலைப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தான். ரவுட்டர் தன் வெளி முகவரி 100.72 என்று ஆரம்பிப்பதாகச் சொல்கிறது. இணையத்தில் பார்த்தால் வேறு ஏதோ காட்டுகிறது. இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? ரொக்க ஏடு ஒரு இருப்பு, வங்கிச் செல்லேடு இன்னொரு இருப்பு. நடுவில் என்னமோ இருக்கிறது.

இணைப்புக் கொடுக்கும் உள்ளூர் ஆபரேட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணா, எங்க ரவுட்டர்ல 100.72ன்னு வருதுங்க. வெளிய வேற காட்டுது."

"அது அப்படித்தான் தம்பி. உங்களுக்குன்னு தனி ஐபி கிடையாது. ஒரு ஐபியை ஏரியா பூராவும் பங்கு போட்டுக்கறது. யூடியூப் ஓடுதில்ல?"

ஓடுகிறது. அதுதான் வினை. ஒரு பெரிய மில்லில் 500 பேர் வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து கேட்டில் ஒரே தபால் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கடிதம் எழுதி அனுப்பினால், பதில் வரும்போது வாட்ச்மேன் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துவிடுவார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் புதிதாகக் கடிதம் போட்டால்? மில் முகவரி மட்டும்தான் இருக்கும். யாருக்கு என்று தெரியாது. குப்பைக்கூடைதான்.

இப்படிப் பங்கு போடுவதற்குக் காரணமும் உண்டு. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலக அளவில் பிரித்துக் கொடுக்கும் அமைப்பிடம் இருந்த கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3-இல் தீர்ந்தன. 2012 ஏப்ரலில் இந்தப் பங்குக் குடித்தனத்துக்கென்றே 100.64-இல் ஆரம்பித்து 100.127 வரை சுமார் 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கி வைத்தார்கள். ரவுட்டரில் இந்த வரிசையில் எண் தெரிந்தால் போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட் எதைப் போட்டாலும் பயன் இல்லை, பூட்டு தெருமுனையில் இருக்கிறது. இதை முதல் நாளே பார்த்திருந்தால் மற்ற கூத்து எதுவும் நடந்திருக்காது.

மாதம் 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் நிலையான தனி ஐபி தருவார்களாம். கைச்செலவுக் காசில் கட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மொபைல் டேட்டாவில் அடித்தான். ஒரு நொடியில் நோட்டு வந்தது!

குரூப்பில் முகவரியைப் போட்டான். குளித்தலையில் இருந்து ஒருத்தி முதலில் இறக்கிவிட்டு, "மாஸ்டா" என்று எழுதினாள். இன்னொருவன் "இனிமே உன்னை அம்பானின்னு கூப்பிடறோம்" என்றான். அப்போதுதான் அந்தச் சீட்டை எழுதி கேபினெட்டில் ஒட்டினான். அப்பா தினமும் ராத்திரி பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டுப் படுக்கிறவர். சீட்டைப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும்" என்று மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆசை. அப்பாச்சி வருகைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கும். யார் எப்போது வந்து எதைக் கேட்டார், என்ன பதில் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. அதைத் திறந்தான். வகுப்புக்காரர்கள் 41 பேர். நடுநடுவே யாரென்றே தெரியாத முகவரிகள். எந்த எந்த நாட்டில் இருந்தோ. முதல் ஆள் வந்தது சனிக்கிழமை 4.26-க்கு, அதாவது குளித்தலைக்காரியைவிட முன்னால்! வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டுகள் எழுதி வைக்கும் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, 404. இல்லை, 404. நடுவில் ஒரு வரி பிஎச்பிமைஅட்மின் இருக்கிறதா என்று. அதற்குப் பதில் 200. அதாவது, இருக்கிறது, வாங்க.

முகவரியை வகுப்புக்காரர்களுக்கு மட்டும்தானே சொன்னான்? இணையத்தில் முகவரியைச் சொல்லத் தேவையே இல்லை. 429 கோடியும் வரிசையாகத் தட்டிப் பார்க்க முடிகிற எண்கள். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து 45 நிமிடத்துக்குள் முழு முகவரிகளையும் ஒரு கவுண்டரில் தட்டிவிடலாம் என்று காட்டினார்கள். ஆராய்ச்சிக்காகத் தட்டுகிறவர்கள் உண்டு, வேறு எண்ணத்தோடு தட்டுகிறவர்கள் அதிகம் உண்டு. யாரும் அவன் வீட்டைத் தேடி வரவில்லை. எல்லா வீட்டையும் தட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் தட்டினார்கள்.

அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது இங்கே இல்லை. பிஎச்பிமைஅட்மின் வரிக்குப் பிறகு அந்த ஆள் உள்ளே எதையும் செய்த பதிவு இல்லை, முகப்பைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சரி, வேறு எந்தக் கவுண்டர்கள் திறந்திருக்கின்றன என்று மறுபடி நெட்ஸ்டாட் போட்டான். 80. 445, விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் கவுண்டர். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் பூராவும் பரவியது இந்த வழியில்தான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்கள் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்குக் கீழே 9000 என்று ஒரு வரி. யார் இது? பிராசஸ் எண்ணைத் தேடினால், அப்பா கணக்கு எழுதும் மென்பொருள். (பெயர் வேண்டாம், பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.)

போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் தன் புது முகவரியை அடித்து, பின்னால் 9000 சேர்த்தான். வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

அந்த வீட்டில் அவனுக்கு முன்பே ஒரு சர்வர் இருந்திருக்கிறது. மற்ற மென்பொருள்கள் விவரம் கேட்டால் கொடுப்பதற்காக வைத்த வசதி அது. நல்ல வசதிதான். வீட்டு நெட்வொர்க்குக்குள் இருக்கும்வரை ஃபயர்வாலும் ரவுட்டரும் காவல். முறையாகக் கேட்கத் தெரிந்தவன் கேட்டால், அப்போது திறந்து வைத்திருக்கும் கம்பெனியின் பேரேடுகளை அது எடுத்துக் கொடுத்துவிடும். சர்வர் சுந்தரம்!

டிஎம்இசட்டைப் போட்டது வெள்ளிக்கிழமை. அது அன்றைக்கே தப்புதான். ஆனால் ஆபரேட்டரின் பங்கு முகவரி அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஃபயர்வாலை அணைத்த தப்பும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. 200 ரூபாய் கட்டி அந்தக் கடைசித் தடையை எடுத்த நிமிடத்தில், இரண்டு ராத்திரி திறந்து வைத்த எல்லாமும் ஒரே சமயத்தில் உயிர் பெற்றது. அவன் தேடிய பிழை திருத்தப்பட்டது, அதனாலேயே மற்ற பிழைகள் வெளியே வந்தன.

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். மணி 11.

அடுத்த ஒரு மணி நேரம் திறந்த வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாக மூடினான். டிஎம்இசட், அனுமதி வரிகள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஃபயர்வால். பிறகு 9000-க்கு யார் வந்தார்கள் என்று தேடினான். 80-க்கு வருகைப் பதிவேடு இருந்தது. 9000-க்கு அப்படி ஒன்று அவன் கண்ணில் படவே இல்லை. எழுதி வைத்திருக்க வேண்டிய ஃபயர்வால் அணைந்து கிடந்தது. யாராவது வந்து எடுத்துப் போயிருக்கலாம். யாருமே வராமலும் இருந்திருக்கலாம். சொல்ல வழியில்லை. வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபோது அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்போமே, அங்கேதான் வைக்க வேண்டியிருந்தது.

அப்பா அரவக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சொல்லாமலே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூடியாகிவிட்டது. அடுத்த நாள் பரீட்சை வேறு. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் அவன் போகவில்லை.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். சட்டையைக் கழற்றிக்கூட மாட்டவில்லை, அதற்குள் ஆரம்பித்தான்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லோணுங்க."

சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. டிஎம்இசட், போர்ட் எல்லாம் அவருக்குப் புரிந்ததா என்பது தெரியாது.

"அப்ப, கதவையும் தொறந்து போட்டு, பீரோ சாவியையும் அதுலயே விட்டுட்டேங்கற."

"ஆமாங்கப்பா."

"எத்தன நேரம்?"

"நேத்து நாலு மணியில இருந்து இன்னைக்குப் பதினொன்னு வரைக்கும்ங்க. 19 மணி நேரம்."

"அப்ப யாரு கணக்கு தொறந்திருந்துச்சு?"

இதை அவன் யோசிக்கவே இல்லை. திறந்திருக்கும் கம்பெனியைத்தான் கேட்க முடியும் என்று தெரிந்தும், எந்தக் கம்பெனி என்று பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவே மானிட்டரை ஆன் செய்து பார்த்தார். ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி கொள்முதல் ரசீதுகளைப் போட்டுக்கொண்டிருந்தவர், சீட்டைப் பார்த்து மூடாமல் அப்படியே விட்டிருந்தார்.

"நாளைக்குப் பரீட்சை முடிச்சுட்டு கடைப்பக்கம் வா. நீயே சொல்லு."

நோட்டை அன்று சாயங்காலம் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தான். பத்து நிமிடம் ஆனது. சர்வர் என்ன ஆச்சு என்று ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். அவன் பதில் போடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹார்டுவேர் கடையில் பைப்புகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவில் நின்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். கடைக்காரர் பாதியில், "பேங்க் பாஸ்வேர்டு ஏதாச்சும் போயிருச்சா?" என்று கேட்டார். இல்லை, அது அந்த மென்பொருளில் இல்லை. வாங்கியது, விற்றது, கடன் வைத்தவர்கள் பெயர், தொகை, ஜிஎஸ்டி எண்கள்.

"அப்ப எனக்கு எவனெவன் பாக்கி வெச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு இருப்பானுக. வசூல் பண்ணிக் குடுத்தானுகன்னா கமிஷன் குடுத்தர்றேன்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அப்பா சிரிக்கவில்லை. "உங்க கணக்க வேற ஆளுக்கு மாத்தறதுன்னா மாத்திக்கலாம்ங்க, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மார்ச் வரைக்கும் நீங்களே பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்ற வார்த்தை இந்தத் தடவை அவன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். மார்ச் போய், ஏப்ரலும் போனது. கணக்கு மாறவில்லை.

டிசம்பரில் மாமா வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி வந்து லினக்ஸ் போட்டான். ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று இருக்கும் தனி வைஃபையில் அதை மாட்டினான், அங்கிருந்து அப்பாவின் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. ஒரே ஒரு கவுண்டர் மட்டும் திறந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் என்றைக்குச் செய்தோம், எதற்காக, திருப்பி எடுத்தோமா என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறான். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. மூன்றாவது பத்தியில் இன்னும் இரண்டு இடம் காலி.

அப்பாவின் கம்ப்யூட்டர் பழையபடி ராத்திரி பத்து மணிக்கு அணைந்துவிடுகிறது. நிலையான ஐபிக்கு மாதம் 200 ரூபாய் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று அப்பாவும் மகனும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.